உப்புக் கவரும் ஒரு மிளாவும்

போன வெள்ளிக்கிழமை ஒரு மிளா மானின் வயிற்றிலிருந்து வெளியே வந்ததைப் பார்த்தேன். இன்னும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

செல்லூரில் என் பக்கத்து வீட்டுக்காரி ஜெயந்தி. அவள் மகளுக்குக் கை முழுக்க மரு. ஸ்கூலில் யாரும் பக்கத்தில் உட்காரமாட்டார்கள். பிள்ளை தினமும் அழுகை. சில மாதம் முன்பு மலைக்காட்டுக்குள் இருக்கும் அம்மனுக்கு உப்பு, மிளகு வைத்து வேண்டிக்கொண்டாள். மரு உதிர்ந்துவிட்டது. டாக்டர் கொடுத்த மருந்தும் கூடவே நடந்தது... அதை இப்போது யார் கேட்கிறார்கள்? நேர்த்திக்கடன் செலுத்த மகளோடு வேன் பிடித்துக் கிளம்பினாள். அக்கம்பக்கத்துப் பெண்களோடு நானும் ஏறிக்கொண்டேன்.

அது புலிகள் காப்பகம். செக்போஸ்ட்டில் பிளாஸ்டிக் இருக்கிறதா என்று பலத்த சோதனை. தண்ணீர் பாட்டில், சிப்ஸ் பாக்கெட், என் பையின் மூலையில் கிடந்த ஷாம்பு வரை வாங்கி வைத்துவிட்டார்கள். சுற்றுலா என்றால் இப்படியல்லவா நடத்த வேண்டும் என்று மெச்சிக்கொண்டேன்.

ஆனால் ஒவ்வொருவர் கூடையிலும் உப்புப் பாக்கெட் இருந்தது. அதை அவர்களும் கேட்கவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை. அது சாமி சாமான் — சாமி சாமான் எப்படி பிளாஸ்டிக் ஆகும்?

கோயில் பீடத்தைச் சுற்றிலும் பாக்கெட் பாக்கெட்டாக உப்பு. நாங்களும் வைத்துக் கும்பிட்டுவிட்டுத் திரும்பினோம்.

வழியில் மரத்தடியில் சின்னக் கூட்டம். பெரிய மிளா ஒன்று செத்துக் கிடந்தது. கால்நடை மருத்துவர் வயிற்றைக் கீறி, உள்ளே கையை விட்டு எதையோ இழுத்தார். வந்தது... வந்துகொண்டே இருந்தது. தலையணைப் பஞ்சு போல இறுகிப்போன உருண்டை. தண்ணீர் ஊற்றிப் பிரித்தார். அத்தனையும் உப்புக் கவர். ஒன்றில் எழுத்துகூட அழியவில்லை. மிளாவுக்கு உப்பு என்றால் உயிராம். கவரோடு சேர்த்து மென்றுவிடுமாம்.



ஜெயந்தி மெதுவாகக் கேட்டாள். "இது இன்னைக்கு வச்சது இல்லையே சார்?"

"இல்லம்மா. மாசக்கணக்காச் சேர்ந்தது."

அவள் முகம் வெளிறிப்போனது. போன முறை அவள் வைத்ததும் கவரோடுதான்.

மகளை இழுத்துக்கொண்டு மறுபடி கோயிலுக்கு நடந்தாள். நாங்கள் பின்னாலேயே ஓடினோம். பாக்கெட்டை எடுக்கக் குனிந்தவளைப் பூசாரி தடுத்தார். கொடுத்ததைத் திருப்பி எடுத்தால் மரு மறுபடியும் வந்துவிடும், பெண் பிள்ளை, யோசித்துக்கொள் என்றார். ஜெயந்தி மகளின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எனக்குப் பயமாக இருந்தது. என் பிள்ளையாக இருந்தால் எடுத்திருப்பேனா?

"வந்தா வரட்டும் சாமி. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்."

சொல்லிவிட்டு வாரினாள். எங்களுடையது, ஊரார் வைத்தது என்று பார்க்காமல் எல்லாவற்றையும்தான். நாங்களும் கைகொடுத்தோம்.

செக்போஸ்ட்டுக்கு வெளியே அடுத்த வேன் வந்து நின்றிருந்தது. கடையில் ஒரு அம்மா உப்பு வாங்கிக்கொண்டிருந்தார். ஜெயந்தி அவரிடம் மிளாவின் கதையைச் சொல்லி, கவரைப் பிரித்து இலையில் கட்டிக்கொண்டு போகச் சொல்லிக் கெஞ்சினாள். அந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. வாயில்லாத சீவன், பாவம் என்று உச்சுக்கொட்டினார்.

பிறகு, பாக்கெட்டை அப்படியே கூடையில் வைத்துக்கொண்டார்.

"பிரிச்ச சாமானை எப்பிடித்தா சாமிக்குக் குடுக்கிறது?"