கம்பிக்குள் நுழைந்த கை

அன்று விடிகாலை நாலே முக்கால் மணிக்கு அந்தக் கட்டடத்தில் விழித்திருந்தவர்களை இப்போதும் விரல் விட்டு எண்ணுவேன். எங்கள் வீட்டில் அப்பா, அம்மா, அம்மாவின் தம்பியான மாமா, ஒன்பது வயதில் நான். எங்கள் தலைக்கு மேலிருந்த வீட்டில் ஒரு புருஷனும் பெண்சாதியும். ஆக ஆறு பேர். கீழே வாட்ச்மேனும் இருந்தார், ஆனால் தூங்கிக்கொண்டிருந்தார். அவரைச் சேர்ப்பதா வேண்டாமா என்று இன்றுவரை எனக்கு முடிவாகவில்லை.

மைசூரில் நாங்கள் குடியிருந்தது மூன்று மாடிக் கட்டடத்தின் முதல் மாடி. லிஃப்ட் கிடையாது. மேல் வீட்டுக்கு அவர்கள் கொள்ளேகாலிலிருந்து குடிவந்த மறுநாளே சத்தம் ஆரம்பித்துவிட்டது. நாலே முக்காலுக்கு எதையோ கனமாகத் தரையில் இழுப்பார்கள். பிறகு டும், புஸ், டும், புஸ் என்று ஓயாமல் ஓடும். தெருவில் பஸ் போக ஆரம்பித்தால் அது காதில் விழாது. பகலிலும் ஓடிற்றா என்று நாங்கள் யாரும் யோசித்ததில்லை.

அம்மா மூன்றாம் நாளே கண்டுபிடித்துவிட்டாள்.

"கிரைண்டர் வெச்சு மாவு யாவாரம் பண்றாங்க. கதவ ஒரு சாணுக்கு மேல தொறக்க மாட்டேங்கறாங்களே, அதுலயே தெரியலியா?"

சத்தம் எங்களுக்குச் சும்மா தொந்தரவு மட்டும் இல்லை. அப்பா ஸ்கூல் வேன் ஓட்டினார். ராத்திரி பன்னிரண்டு வரை வாடகைக் காரும் ஓட்டிவிட்டு வந்து படுப்பார். நாலே முக்காலுக்கு விழிப்பு வந்தால் அப்புறம் தூக்கம் வராது. முந்தின வாரம் ஒரு சர்க்கிளில் கண் செருகி, பஸ்ஸின் பின்பக்கம் ஒரு முழம் இருக்கும்போதுதான் பிரேக் போட்டார். உள்ளே பதினான்கு பிள்ளைகள். அதில் நானும் ஒருத்தி. அன்றிலிருந்து வேனில் ஏறினால் கண்ணாடியில் அப்பாவின் கண்ணையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

அசோசியேஷன் செக்ரட்டரியிடம் சொன்னதற்கு, "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாட்கொள்ளி", கொஞ்சம் அனுசரித்துப் போங்கள் என்று முடித்துவிட்டார். அப்பாவே ஒருமுறை மேலே போய்த் தட்டினார். கதவு ஒரு சாண் திறந்தது. "இனிமே பாத்துக்கறோமுங்க" என்றார் அந்த மனிதர். இரண்டு நாள் சத்தம் கொஞ்சம் அமுங்கினமாதிரி இருந்தது. மூன்றாம் நாள் பழையபடி.

மாமா ஹனூரிலிருந்து வந்து எங்கள் வீட்டில் தங்கி ஐடிஐயில் எலக்ட்ரீஷியன் படித்துக்கொண்டிருந்தார். கட்டடத்தின் எல்லா மெயின் சுவிட்சும் கீழே, ஸ்கூட்டர் நிறுத்தும் இடத்தில், கம்பிக் கதவுக்குள் இருந்தன. சாவி செக்ரட்டரியிடம். கம்பி இடுக்கில் மாமாவின் கை நுழையாது. என் கை நுழையும்.

"பத்தே நிமிசம், அம்மிணி. மூணு நாள் இப்படி நின்னு நின்னு ஓடுச்சுன்னா, கிரைண்டர் கெட்டுப்போச்சுன்னு அவங்களே தூக்கிக் கடாசிருவாங்க."

அம்மாவுக்கும் தெரியும். "உங்க அப்பாகிட்ட மாட்டினீங்கன்னா எனக்குத் தெரியாது, சாமி" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

மாமா செல்போன் வெளிச்சம் காட்ட, நான் தோள் வரைக்கும் கையை விட்டு, மேல் வீட்டு நம்பர் எழுதியிருந்த சுவிட்சைக் கீழே தட்டினேன். படிக்கட்டு வழியாகக் கேட்டுக்கொண்டிருந்த சத்தம் சட்டென்று நின்றது. மாமா என் முதுகில் தட்டினார். நாங்கள் நிமிஷத்தை எண்ணத் தொடங்கினோம்.

மூன்று கூட ஆகியிருக்காது. மேலே கதவு சுவரில் மோதித் திறந்தது. செருப்பில்லாத கால்கள் இறங்கி வரும் ஓசை. அந்த மனிதர் தன் பெண்சாதியை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தார். அவள் மூக்கிலிருந்து ஒரு மெல்லிய ட்யூப் தொங்கி, அதன் நுனி ஒவ்வொரு படியிலும் தட்டிக்கொண்டே வந்தது. அவள் வாய் திறந்து திறந்து மூடியது. சத்தம் வரவில்லை. உதடு நாவல்பழம் தின்றவள்போல் இருந்தது.

பின்னாலேயே அப்பா லுங்கியோடு ஓடி வந்தார்.

"கரண்டு போச்சுங்க. மூச்சு மெஷின் நின்னுபோச்சு. சின்ன சிலிண்டரும் காலிங்க" என்றார் அந்த மனிதர்.

படிக்கட்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அப்பா அந்த விளக்கைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் கை அப்போதும் கம்பிக்குள்தான் இருந்தது. எடுக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. "வண்டில ஏத்துங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வேன் கதவைத் திறந்தார். நாங்கள் பிள்ளைகள் உட்காரும் குட்டி சீட்டில் அவளைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

"போடு, அம்மிணி, போடு" என்றார் மாமா. அவர் குரல் அவர் குரலாகவே இல்லை. சுவிட்சை மேலே தள்ளினேன். மேலே, ஆளில்லாத வீட்டில், டும், புஸ், டும், புஸ் என்று மெஷின் ஓட ஆரம்பித்தது.

வாட்ச்மேன் எழுந்து உட்கார்ந்து, "ஏனாயித்து?" என்று கேட்டார். மாமா செல்போன் வெளிச்சத்தை அணைத்தார்.

அவள் பிழைத்துக்கொண்டாள். ஐந்தாம் நாள் ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறி வந்தாள். நுரையீரல் கோளாறு, ஒட்டிக்கொள்கிற வியாதி இல்லை. ஆனால் இருமலைக் கேட்டு அதற்கு முன்னால் நாலு இடத்தில் வீடு இல்லை என்றுவிட்டார்களாம். விடிகாலையில்தான் மூச்சு ரொம்ப முட்டும், படுக்க முடியாமல் மெஷினை ஹாலுக்கு இழுத்துக்கொண்டு வந்து உட்காருவாளாம். இதையெல்லாம் அம்மாவிடம் சொல்லிவிட்டு, என் கன்னத்தைத் தொட்டு, "சத்தம் வருதா, கண்ணு? அடியில ரெண்டு கம்பளி மடிச்சுப் போட்டிருக்கோம்" என்றாள். அம்மா அடுப்பைப் பார்ப்பதுபோல் உள்ளே போய்விட்டாள்.

மாமாவை அந்த வாரமே ஹனூர் பஸ்ஸில் ஏற்றியாயிற்று. என்னை அப்பா அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. போலீஸ் வரும் என்று எத்தனையோ நாள் ஜன்னலண்டையே நின்றேன். இன்றும் கரண்டு போனால் முதலில் பக்கத்து வீட்டில் வெளிச்சம் தெரிகிறதா என்றுதான் எட்டிப் பார்ப்பேன்.

ஆஸ்பத்திரியில் அட்வான்ஸ் கட்ட அந்த மனிதரிடம் பணமில்லை. வேன் தவணைக்கு வைத்திருந்த நாலாயிரத்தை அப்பா கொடுத்திருந்தார். "மாசம் ஐநூறா குடுத்தர்றேனுங்க" என்று அவர் வாக்குச் சொல்லியிருந்தார். சொன்னபடி சம்பளத் தேதியில் கவரோடு வந்து நின்றார். அப்பா குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டார்.

"அவரு வண்டில போயிட்டாருங்களே" என்றாள் அம்மா.

கீழே வேன் நின்றது. அதைத் தாண்டித்தான் அவர் வந்திருப்பார். கவரை என் கையில் வைத்து, "அப்பாகிட்ட குடுத்துரு, கண்ணு" என்று படியேறிப் போனார்.

நான் பெருமையாகக் குளியலறைக் கதவைத் தட்டிக் கவரை நீட்டினேன். அப்பா என் கன்னத்தில் அறைந்தார். சுவிட்சைத் தட்டினதற்கு அடிக்காதவர், வரவேண்டிய காசை வாங்கினதற்கு ஏன் அடிக்கிறார் என்று எனக்குப் புரியவே இல்லை. "அவங்கதான நமக்குத் தரணும்" என்று அழுதேன். அப்பா என் பக்கத்தில் ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அந்த ஐநூறு சாமி படத்துக்குப் பின்னால் போயிற்று. யாரும் அதை எடுத்ததில்லை.

அடுத்த மாதமே அவர்கள் ஆஸ்பத்திரிக்குப் பக்கமாக வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள். சாமான் இறக்குகிற அன்று அப்பா விடியும் முன்னாலேயே வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டிருந்தார். நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள், கணக்கில் ரொம்ப மட்டம். ஆனால் எங்கள் கதவிடுக்கில் மேல் வீட்டுக்காரர் செருகிவிட்டுப் போன சீட்டில் இருந்த கணக்கு மட்டும் எனக்கு மறக்காது. அப்பாவைப் பார்த்துச் சொல்லிக்கொள்ள முடியவில்லை, மன்னிக்க வேண்டும் என்று எழுதி, அதற்குக் கீழே கோடு போட்டுக் குறித்திருந்தார்: பாக்கி, மூவாயிரத்து ஐநூறு ரூபாய்.