மீதி ஈரல்

தம்பி முரளியின் கண்களில் மஞ்சளை முதலில் பார்த்தவள் நான்தான். வடக்கே, கிட்வாய் நகரில் எங்கள் குவார்ட்டர்ஸ் புல்வெளியில், ஜனவரி வெயிலில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தோம். "சரியாத் தூங்கலைக்கா, அதான்" என்றான்.

சிரோசிஸ் (ஈரல் தழும்பேறிச் சுருங்கும் நோய்) என்று தெரிய இரண்டு வாரம் ஆனது. அவன் குடிப்பவன் இல்லை. உடலின் எதிர்ப்புச் சக்தியே ஈரலைத் தாக்கியிருந்தது. கோடைக்குள் வயிற்றில் நீர் கோத்துக்கொண்டது. மாற்று ஈரல் பொருத்தாவிட்டால் பிழைக்கமாட்டான் என்றார்கள். அவன் மனைவியின் ரத்த வகை சேரவில்லை. என்னுடையது சேர்ந்தது.

நான் கொடுக்கிறேன் என்று என் கணவரிடம் சொன்னேன். மூன்றாம் நாள் காலையில், "போகாதேன்னு சொல்லலை சுதா, பயமா இருக்குன்னு சொல்றேன்" என்றார். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. நீங்களும் தானம் கொடுக்கப்போகிறவர் என்றால், பயத்தை வீட்டில் சொல்லிவிடுங்கள். சொன்ன பிறகு எங்கள் இருவருக்குமே தூக்கம் வந்தது.

அறுவை மருத்துவர் இந்தியில் பேசினார். என் ஈரலின் வலப்பக்கம், பாதிக்கும் மேல் எடுப்பார்களாம். "மேடம், நீங்கள் பயாலஜி டீச்சர். மிச்சம் எப்படி வளரும் என்று உங்களுக்கே தெரியும்" என்று சிரித்தார்.

தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். பதினெட்டு ஆண்டுகளாகப் பதினொன்றாம் வகுப்புக்கு மைட்டாசிஸ் (ஒரு செல் அச்சு அசலாக இரண்டாகப் பிரிவது) நடத்துகிறேன். நான்கு நிலை, நான்கு படம், ஐந்து மதிப்பெண்.

அறுவை முடிந்து கண் விழித்தபோது, வயிற்றில் கல்லை ஏற்றி வைத்ததுபோல் வலி. மறுநாள்தான் அந்த எண்ணம் வந்தது: இந்நேரம் ஆரம்பித்திருக்கும். ஈரல் செல்கள் பெரும்பாலும் பிரியாமல் சும்மா இருப்பவை. இப்போது பாதி ஈரல் போய்விட்டது என்று யாரோ சொன்னதுபோல் விழித்துக்கொள்கின்றன. முதலில் ஒவ்வொன்றும் தன் குரோமோசோம்களுக்கு (மரபுச் செய்தியைச் சுமக்கும் இழைகள்) நகல் எடுக்கிறது. பிறகு புரோஃபேஸ்: நூல் கலைந்து கிடந்ததுபோல் இருந்தவை சுருண்டு தடிக்கின்றன. மெட்டாஃபேஸ்: எல்லாம் செல்லின் நடுவே ஒரே வரிசையில் நிற்கின்றன. ஒரு ஜோடிகூட விடுபடாமல் எல்லாம் கதிர் இழைகளில் (அவற்றை இரு முனைக்கும் இழுக்கும் நூல்கள்) கோக்கப்படும்வரை செல் காத்திருக்கும். அனாஃபேஸ்: ஜோடிகள் பிரிந்து இரு முனைகளுக்கும் இழுபடுகின்றன. டெலோஃபேஸ்: இரண்டு உட்கருக்கள், பின்பு இடுப்பு ஒடுங்கி, இரண்டு செல்கள்.

அந்தக் காத்திருப்பைப் பற்றி வகுப்பில் ஒருநாளும் நின்று பேசியதில்லை. படுத்தபடியே அழுதேன். நர்ஸ் ஓடிவந்து, "தர்த் ஹோ ரஹா ஹை?" என்று, வலிக்கிறதா என்று கேட்டாள். வலியால் இல்லை என்று அவளுக்கு எப்படிச் சொல்வது?

முரளிக்கு முதல் மூன்று நாள் மோசம். ரத்தத்தில் மஞ்சள் இறங்கவில்லை. என் ஈரல் அவனிடம் வேலை செய்ய மறுக்கிறதோ என்று குற்றவுணர்வு வேறு. நான்காம் நாள் இறங்கத் தொடங்கியது. ஆறாம் நாள் சக்கர நாற்காலியில் அவனிடம் போனேன். "அக்கா, பசிக்குது" என்றான். பல மாதங்களுக்குப் பிறகு அந்தச் சொல்லை அவன் வாயால் கேட்டேன்.

மூன்றாம் மாத ஸ்கேனில் மருத்துவர் திரையை என் பக்கம் திருப்பினார். வெட்டிய வலப்பக்கம் முளைக்கவில்லை. மீந்த இடப்பக்கமே பெருத்து, கிட்டத்தட்ட முழு ஈரலின் அளவுக்கு வந்திருந்தது. "போதும் என்று அதற்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"நல்ல கேள்வி" என்றார். "முழுசாக எங்களுக்கும் தெரியாது."

வளர்வதைவிட, நிறுத்தத் தெரிவதுதான் எனக்கு இன்றும் பெரிய வியப்பு.

ஒன்றரை ஆண்டு ஆகிறது. தழும்பு குளிரில் இழுக்கும். எனக்கு நாற்பத்தாறு வயது என்று சொல்லும்போது இப்போது சற்றுத் தயங்குகிறேன். என் ஈரலில் பெரும்பங்குக்கு இன்னும் இரண்டு வயதுகூட ஆகவில்லை. முரளியின் விலாவுக்குள்ளும் என் குரோமோசோம்கள் இருக்கின்றன. அங்கே ஒரு செல் தேய்ந்துபோனால் இன்னொன்று தன் இழைகளை நடுவில் வரிசைப்படுத்தி, காத்திருந்து, பிரியும். அப்போது நான் கரும்பலகை முன் நின்றிருப்பேன், அல்லது பஸ்ஸில் இருப்பேன். எனக்குத் தெரியவே தெரியாது.