மாசியில் எழுப்பிய முனியப்பன்

கடத்தூருக்கு மேற்கே உள்ள வேங்கைக்கரட்டின் பூசாரி மாது, அறுபத்திரண்டு வயதுக்குள் பாம்புக்கோ சிறுத்தைக்கோ அஞ்சியவர் அல்லர். அன்று மாசி வெயிலில் மண்வெட்டியோடு மலையேறும்போது அஞ்சினார்.

அம்மலையில் முனியப்பனுக்குக் கோயில் இல்லை. மண்ணுக்குள் துயிலும் நீள்கல் ஒன்றே அவர் திருமேனி. ஆடிப் பதினெட்டன்று பூசாரி தோண்டி எழுப்புவார். ஊர் பொங்கலிட்டு வணங்கும். பொழுது சாயுமுன் மண்ணிட்டு மூடி, மேலே புல்லைப் பதித்துவிடுவார்கள். ஊராரன்றி வேற்றாள் அவ்விடத்தை அறியார்.

கருங்கல் வெட்ட ஒரு நிறுவனம் குத்தகை கேட்டு வந்த நாள்முதல் பதினோராண்டுகள் ஊர் மனுவும் மறியலும் வழக்குமாகப் போராடியது. எல்லாவற்றிலும் மாது முன்வரிசையில் அமர்ந்தவர். இறுதியில் நீதிமன்றம், மலையில் வழிபாட்டிடம் உண்டா என்று நேரில் கண்டு அறிக்கை தரச் சொன்னது. ஆய்வு நாள் மாசியில் விழுந்தது. ஆடிவரை பொறுக்கும்படி ஊரார் கேட்ட தவணை கிடைக்கவில்லை.

காலந்தவறி எழுப்பலாகாது. பஞ்சத்தில் மழை வேண்டி அப்படித் தோண்டிய மாதுவின் அண்ணன் ராஜப்பன், நாற்பதே நாளில் பேச்சிழந்து படுத்தார், பின் எழவேயில்லை. அதை அறிந்த மாதுவின் மனைவி குள்ளம்மாள் புறப்படும்போது சொன்னாள்: “தோண்டுனா உங்களுக்கு ஆவாது, தோண்டலைன்னா மலைக்கு ஆவாது. நான் இன்னான்னு சொல்லட்டும்?”

மலைமேல் புல்லைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை.

“என்ன பூசாரி, சாமி லீவுல போயிட்டாரா?” என்றான் நிறுவனத்து ஆள். அவனோடு வந்தவர்கள் சிரித்தார்கள்.

கண்ணால் காணாததை எழுத இயலாது என்றார் ஆய்வுக்கு வந்த அதிகாரி நிர்மலாதேவி, கடுமையின்றியே. போராட்டத்தை நடத்திவந்த வார்டு உறுப்பினர் பாரதி, மாதுவின் அருகே வந்தாள்.

“வேணாம்னா வேணாம் மாமா. வேற வழி பாக்கலாம்.”

வேறு வழியில்லை என்பது இருவருக்கும் தெரியும்.

“அப்பனே, குத்தம் என்னோட போவட்டும். ஊரை வுட்டுரு” என்று முணுமுணுத்து மாது தோண்டினார். கல் வெளிப்பட்டது, போன ஆடியின் மஞ்சள் அதில் இன்னும் ஒட்டியிருந்தது. அதிகாரி, யாரும் சொல்லாமலே செருப்பைக் கழற்றினார். படமெடுத்து இடத்தைக் குறித்துக்கொண்டார். நிறுவனத்து ஆளும் நான்கு பக்கமும் சுற்றிவந்து படமெடுத்தான்.

“இத்தனை வருசமா எங்கேன்னு தேடுனோம். இப்ப தெரிஞ்சு போச்சுங்க” என்றான், மிக மரியாதையாக.

ஆளில்லாத நேரம் வந்து கல்லைப் பெயர்த்துவிடுவார்களோ என்ற அச்சம் மாதுவுக்கு எழுந்தது. அண்ணனை நினைத்து அஞ்சியது அதன் முன் சிறிதாயிற்று.

மண்ணிட்டு மூடிப் புல்லைப் பதித்தார்கள். இரண்டே நாளில் புல் காய்ந்தது. ஓர் ஆள் படுக்கும் அளவுக்குச் செம்மண் பளிச்சென்று தெரிந்தது.

அறிக்கை வர ஒரு மாதமாகும். நமக்குச் சாதகமாகவே வரும் என்கிறாள் பாரதி. மாது விடிந்ததும் மலையேறி அம்மண்ணருகே அமர்கிறார். முனியப்பன் பெயரை உரக்கச் சொல்லிப் பார்க்கிறார். பேச்சு இருக்கிறது. பிறகு மேகம் தேடுகிறார். மழை பெய்து புல் முளைத்தால்தான் இடம் மறையும். மாசி வானில் ஒன்றுமில்லை. அடிவாரத்தில் வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து நிற்கிறார்.