பின்பக்கம் பொட்டு வைக்காத பெட்டி

கோடு வரைகிற பெட்டி ஒன்றை வீட்டிலேயே செய்வது என்று நான் இறங்கியபோது எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. எண்பதுகளின் தொடக்கம். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டெக்னீஷியன் வேலை. காளவாசலுக்குப் பக்கத்தில் வாடகைக்கு ஒரு மாடி வீடு, இரண்டே அறை. இரண்டாவது அறையில் பாதியை என் மனைவியின் சீர் சாமான்கள் அடைத்துக்கொண்டன, மீதிப் பாதியை நான் அடைத்துக்கொண்டேன்.

டெலிவிஷன் என்பது எங்கள் தெருவில் அப்போது பேச்சில் மட்டும் இருந்த பொருள். அதில் ஒளிப்புள்ளி ஒன்று மேலிருந்து கீழே வரிவரியாகத் திரை முழுக்க ஓடும். வேண்டிய இடம், வேண்டாத இடம் என்று பார்க்காது. நான் செய்ய நினைத்தது வேறு. இதில் கோடு எங்கே போகவேண்டுமோ அங்கே மட்டும்தான் புள்ளி போகும், கம்பிக்கோலம் போடுகிறவள் கையை எடுக்காமல் இழுத்துக்கொண்டு போகிற மாதிரி. இடம் வலமாக இழுக்க ஒரு மின்னழுத்தம், மேலும் கீழும் இழுக்க இன்னொன்று. இரண்டையும் கணக்காக ஏற்றி இறக்கினால் வட்டமோ நட்சத்திரமோ பச்சை ஒளியில் திரையில் நிற்கும். ஒரு பத்திரிகையில் அதன் சர்க்யூட்டைப் பார்த்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

திரைக்கான டியூப் ஒரு பழைய இரும்புக் கடையில் அகப்பட்டது. எங்கிருந்தோ கழித்துக்கட்டிய ஆசிலாஸ்கோப், மின் அலையைத் திரையில் காட்டுகிற கருவி, உடம்பெல்லாம் நசுங்கி, டியூப் மட்டும் கீறல் இல்லாமல் இருந்தது. அதைக் கைக்குழந்தையைத் தூக்கி வருவதுபோல் மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன்.

அந்த டியூபின் பின்பக்கம்தான் நான் வாழ்க்கையில் அதிகம் பயந்த இடம். எக்ஸ்சேஞ்சில் நான் புழங்கியது ஐம்பது வோல்ட். இந்த டியூபுக்கு ஆயிரத்து ஐநூறு வேண்டும். அதற்காக ஒரு டிரான்ஸ்பார்மர், அதை ஒட்டி ஒரு கண்டென்சர், கண்டென்சரின் தலையில் மூடியில்லாத ஒரு பித்தளைக் குமிழ். மொத்தத்தையும் ஓர் இரும்புச் சட்டத்தில் முடுக்கியிருந்தேன். பிளக்கைப் பிடுங்கினாலும் அந்தக் கண்டென்சர் கரண்டை விடாது, பிடித்து வைத்துக்கொண்டே இருக்கும். அதனால் வேலை முடிந்ததும் ஒரு மூங்கில் குச்சியின் நுனியில் கட்டிய எர்த் கம்பியால் குமிழைத் தொடுவேன். நீலமாக ஒரு பொறி பறந்து, 'டப்' என்று வெடிக்கும். அதன் பிறகுதான் அது செத்த பொருள்.

வேலை செய்யும்போது இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்வேன். இரண்டு கையும் பட்டால் கரண்ட் ஒரு கையில் ஏறி, நெஞ்சைக் கடந்து, மறு கையில் இறங்கும். வழியில் இருப்பது இருதயம். நான் பயந்தாங்கொள்ளி, அதை மறைத்ததும் இல்லை.

என் மனைவிக்கு ஊர் எழுமலை, விவசாயக் குடும்பம். "வேலியில போற ஓணான எடுத்து மடியில விட்டுக்கிட்ட கதையால்ல இருக்கு" என்றாள் முதல் நாளே. ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. டப் சத்தம் கேட்காமல் அந்த அறைக்குள் கால் வைக்க மாட்டேன் என்று மட்டும் சொன்னாள். "இது யாரையாவது ஒண்ணு பண்ணுச்சு, அதையும் உங்களையும் சேத்து மாடியில இருந்து தள்ளிருவேன்."

முதல் வட்டம் விழுந்த சாயங்காலம் அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். "தோச கோணலா இருக்கு" என்றாள். கோணல்தான். அடுத்த வாரம் நிமிர்த்தினேன். அதன்பின் நட்சத்திரம் வந்தது, அதற்கு மட்டும் கொஞ்சநேரம் நின்று பார்த்தாள். இதில் ஒரு சங்கடம் உண்டு. புள்ளி ஓடிக்கொண்டே இருக்கவேண்டும். ஓடவைக்கிற போர்டை மாட்டாமல் கரண்டைக் கொடுத்தால் ஒரே இடத்தில் நின்று திரையின் உள்பூச்சைக் கருக்கிவிடும்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மாமனார் வந்தார். எங்களுக்கென்று கடலை மூட்டை ஒன்று, மோட்டாருக்கு ஏதோ சாமான் வாங்கும் வேலை. தோட்டத்துக் கிணற்றில் பம்புசெட் ஓட்டுகிறவர், கரண்ட் விஷயத்தில் அந்தப் பக்கத்தில் அவர் சொன்னால் சொன்னதுதான். மோட்டாரில் கரண்ட் கசிகிறதா என்று பார்க்க அவரிடம் ஒரு வழி இருந்தது. புறங்கையால் தொட்டுப் பார்ப்பார். உள்ளங்கையால் தொட்டால் கரண்ட் விரலை மடக்கிப் பிடித்துக்கொள்ளும், புறங்கை என்றால் உதறித் தள்ளிவிடும். அங்கே எல்லா விவசாயியும் அப்படித்தான் பார்ப்பார்கள், உயிரோடும் இருந்தார்கள்.

நான் இடது கையைப் பின்னால் வைத்துக்கொண்டு ஸ்குரூ முடுக்குவதைக் கொஞ்சநேரம் பார்த்தார்.

"என்ன மாப்ள, கையில திருட்டு மாங்காயா? பின்னாடி ஒளிச்சு வச்சிருக்கீக?"

சிரித்துவைத்தேன். "மாமா, இதை மட்டும் தொட்டுராதீக. இது வேற மாதிரி கரண்ட்" என்றேன்.

"நானூத்தி நாப்பதத் தெனம் தொட்டுப் பாக்குறவன் நானு. இம்புட்டூண்டு பொட்டி என்ன செஞ்சிரும்?"

மாமனாருக்குப் பாடம் நடத்துகிற மருமகன் எங்கள் பக்கம் கிடையாது.

சாயங்காலம் காப்பி குடிக்கும்போது அவரே ஆரம்பித்தார். "நாளைக்கு எல்லாச் சாமானுக்கும் சந்தனம் வச்சு, சூடம் காட்டி, ஒரு தரம் ஓட்டி நிப்பாட்டணும். ஓட்டாத சாமான் பூச வாங்குனதா ஆகாது." வீட்டுச் சாமானை ஓட்டுவது எனக்குப் புதிது. சமயநல்லூரில் எங்கள் வீட்டில் அன்று முழுக்கச் சாமான்களைத் தொடவே மாட்டோம், அடுத்த நாள்தான் எடுப்போம். "நான் எக்ஸ்சேஞ்சுல பூசைய முடிச்சுட்டு வந்து ஓட்டுறேன் மாமா" என்றேன். சரி என்று தலையாட்டினார்.

காலையில் பிளக்கைப் பிடுங்கி, குச்சியால் டப் வைத்து, புள்ளியை ஓடவைக்கிற போர்டைக் கழற்றி வைத்து, வயரைச் சுருட்டி ஆணியில் மாட்டிவிட்டுத்தான் கிளம்பினேன். மதியத்துக்குள் திரும்புவதாகத் திட்டம்.

எக்ஸ்சேஞ்சில் பெரிய அதிகாரி வரத் தாமதமாயிற்று. அவர் வராமல் சூடம் ஏற்ற முடியாது. ரேக்குகளுக்கெல்லாம் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டுப் பொரி மூட்டையைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். ஒருவழியாக வந்தார், பூசை நடந்தது. முடிந்ததும் ஜெனரேட்டர் பார்க்கிற அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "ஒரு ஓட்டு ஓட்டிருவோம், நேரம் போகுது. ராகு காலம் வந்துரும்" என்றார்.

ராகு காலம். மாமனார் நேரம் பார்க்கிற மனிதர். நல்ல நேரம் போகிறது, மாப்பிள்ளையைக் காணவில்லை, ஓட்டாத சாமான் பூசை வாங்கியதாக ஆகாது. இந்த மூன்றும் சேர்ந்தால் அவர் என்ன செய்வார் என்று யோசிக்கவே வேண்டியதில்லை.

பொரியை வாங்காமல் ஓடினேன். சைக்கிளுக்கு யாரோ மாலை போட்டு, பெல்லுக்குச் சந்தனம் வைத்திருந்தார்கள். மிதித்தேன். முக்குக்கு முக்கு பூசணிக்காயை உடைத்துப் போட்டிருந்தது. ஓரிடத்தில் முன்சக்கரம் அதில் வழுக்கி, காலை ஊன்றித் தப்பினேன். வாழைமரம் கட்டிய லாரி ஒன்று எலுமிச்சம்பழத்தின் மேல் ஏறி இறங்குவதற்காக ரோட்டை அடைத்து நின்றது. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். நான் அவர்களைத் திட்டிக்கொண்டே ஓரத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனேன். வீட்டில் போன் கிடையாது. ஊருக்கெல்லாம் போன் இணைப்புக் கொடுக்கிறவன் வீட்டில் போன் இல்லை என்று அன்றைக்கு மனசுக்குள் கத்தினேன்.

மாடிப்படியின் பாதியில் அந்தச் சத்தம் கேட்டது. டிரான்ஸ்பார்மர் ஒரே சுருதியில் முனகுகிற சத்தம். பிளக்கை மாட்டியாயிற்று.

அறை வாசலில் நின்றேன். கீழே வாழையிலையில் சுத்தியல், சால்டரிங் அயர்ன், அரிவாள்மனை, எல்லாம் பொட்டோடு இருந்தன. மேஜைமேல் என் பெட்டி உயிரோடு இருந்தது. திரையின் நடுவில் புள்ளி ஓடாமல் ஒரே இடத்தில் எரிந்துகொண்டிருந்தது. அதற்குப் பின்னால் மாமனார் குனிந்து நின்றார். இடது கையில் எவர்சில்வர் சந்தனக் கிண்ணம், அதன் விளிம்பு இரும்புச் சட்டத்தில் சாய்ந்திருந்தது. வலது கை, பித்தளைக் குமிழை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. புறங்கை.

சந்தனம் வைக்கும் முன் கரண்ட் கசிகிறதா என்று பார்க்கிறார். கவனமான மனிதர். அந்தக் கவனம்தான் அவரைக் கொல்லப் போகிறது. ஒரு கை இரும்பில், ஒரு கை குமிழில், நடுவில் நெஞ்சு.

கத்தினால் திடுக்கிட்டுக் கை முன்னால் போகும். கத்தாவிட்டாலும் போகும். சுவிட்ச் போர்டு அவருக்கு அந்தப் பக்கம்.

அப்போது என் மனைவி சூடத்தட்டோடு அடுப்படியிலிருந்து வந்தாள். என்னைப் பார்த்தாள், அவள் அப்பாவின் கையைப் பார்த்தாள். அவள் முகம் எப்படி ஆயிற்று என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். குரலில் ஒன்றும் இல்லை. குழம்புக்கு உப்புப் போதுமா என்று கேட்கிற குரல்.

"அய்யா, அதுக்குப் பின்னாடி வைக்காதீக."

கை நின்றது. திரும்பி வரவில்லை, நின்ற இடத்திலேயே நின்றது.

"ஏன் ஆத்தா?"

"கண்ணாடி வச்ச சாமானுக்கு முன்பக்கந்தான் பொட்டு. பூசையன்னைக்குப் பின்பக்கம் ஆம்பள கை படக் கூடாதாம்."

"இது எந்த ஊரு வழக்கம்?"

"உங்க மாப்ள வீட்டு வழக்கம். எங்க அத்தை சொல்லி விட்டிருக்காக. பட்டா வீட்டுக்கு ஆகாதாம்."

அவர் கை சட்டென்று பின்னால் வந்தது. கிண்ணத்தையும் எடுத்துக்கொண்டு இரண்டடி நகர்ந்தார். ஆபத்து என்று சொல்லியிருந்தால் சிரித்திருப்பார். பெண்ணைக் கொடுத்த வீட்டு வழக்கம் என்றதும் அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது.

"முன்னாடியே சொல்லக் கூடாதா ஆத்தா? சம்பந்தி வீட்டுல கேட்டா என்ன நெனைப்பாக?"

நான் பாய்ந்துபோய் சுவிட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கினேன். குச்சியை எடுத்துக் குமிழில் வைத்தேன். டப். நீலப் பொறி, அறை முழுக்கச் சத்தம்.

மாமனார் தூக்கிவாரிப்போட்டு நிமிர்ந்தார். "பிளக்கத்தான் புடுங்கிட்டீகளே மாப்ள? பெறகு என்னத்துக்கு வெடிக்குது?"

"அது அப்படித்தான் மாமா" என்றேன்.

குச்சி நுனியில் கருகியிருந்த கம்பியைப் பார்த்தார். அப்புறம் தன் புறங்கையைத் திருப்பிப் பார்த்து, அதில் காய்ந்துகொண்டிருந்த சந்தனத்தைத் துண்டால் துடைத்தார். "சூடத்தக் காட்டு ஆத்தா" என்றார்.

அவளால் தீக்குச்சி கிழிக்க முடியவில்லை. ஒவ்வொன்றாக ஒடிந்தன. நான் வாங்கி ஏற்றினேன்.

அவர் மோட்டார் சாமான் வாங்கக் கடைக்குப் போன பிறகு அடுப்படித் தரையில் உட்கார்ந்து அழுதாள். அப்படி ஓர் அழுகையை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. பெட்டியை இன்றைக்கே உடைத்துப் போட்டுவிடுகிறேன் என்றேன், நிஜமாகவே சொன்னேன். அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "உடைச்சா ஏன்னு அய்யா கேப்பாரு. என்ன சொல்லுவீக? போயி பலகை வாங்கிட்டு வாங்க. பின்னாடி மூடி, ஆணி அடிங்க" என்றாள். அடித்தேன்.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. திரையின் நடுவில் மிளகளவு கருப்புப் புள்ளி ஒன்று நிரந்தரமாகத் தங்கிவிட்டது. அதன்பின் நான் வரைந்த நட்சத்திரமெல்லாம் அதைச் சுற்றித்தான் நின்றது. "புள்ளி இல்லாம என்ன கோலம்?" என்பாள்.

பொங்கலுக்கு மாமனார் சமயநல்லூர் போய் என் அம்மாவிடம் மன்னிப்பே கேட்டுவிட்டார். "உங்க வீட்டு வழக்கம் தெரியாம கிட்டப் போயிட்டேன் சம்பந்தி." அம்மாவுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஆனால் சம்பந்தி பணிந்து பேசும்போது விட்டுவிட அவருக்கு மனசு வருமா? "பரவாயில்ல, இனிமே பாத்து நடந்துக்கங்க" என்றார். நாளடைவில் அம்மாவே அதை நம்ப ஆரம்பித்தார்.

எழுமலை வீட்டுக்கு டெலிவிஷன் வந்தது. ஆயுத பூஜையில் மாமனார் அதன் முன்பக்கம் மட்டும் பொட்டு வைக்கச் சொன்னார். ஏன் என்று கேட்ட மச்சினனுக்கு, "சம்பந்தி வீட்டு வழக்கம். கேள்வி கேக்காத" என்று பதில். பாவம், இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறாரே என்று நானும் அவளும் தனியாகச் சிரிப்போம்.

இன்னொரு ஆயுத பூஜைக்கு நான் தோட்டத்துக்குப் போயிருந்தேன். பூசை முடித்து மோட்டாரை ஓட்டிக்கொண்டிருந்தார். மோட்டார் ரூம் வாசலில் நின்று பார்த்தேன். கரண்ட் கசிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். புறங்கையால் இல்லை. வலது கையில் டெஸ்டர் இருந்தது. இடது கை முதுகுக்குப் பின்னால் இருந்தது.

நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டார்.

"அன்னைக்கு அந்த டப்புச் சத்தம் கேட்டப்பவே தெரியும் மாப்ள" என்றார், டெஸ்டரிலிருந்து கண்ணை எடுக்காமல். "எம் மகளுக்குப் பொய்யே வராது. என்னைய அந்தப் பொட்டிகிட்ட இருந்து வெலக்க ஒரு பொய் சொல்லியிருக்கா. அது பொய்யாப் போகக் கூடாதுன்னுதான் ஊருபூரா வழக்கமாக்கி வச்சிருக்கேன். அவகிட்டச் சொல்லிராதீக."

சொல்லமாட்டேன் என்றேன். தண்ணீர் வாய்க்காலில் விழுகிற சத்தம் கேட்டது. அவர் அடுத்த கம்பிக்கு டெஸ்டரைக் கொண்டுபோனார், இடது கை பின்னாலேயே இருந்தது.