ஆச்சியின் சாய்ந்த தலை

ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் நான். கோணல்மாணலாக எழுதுவேன், சொன்னதையே திரும்பச் சொல்லுவேன், பல விஷயம் மறந்தும் போச்சு. பொறுத்துக்கொண்டு படியுங்கள். எட்டு வருடமாக ஹாலந்தில் மகன் வீட்டில் இருக்கிறேன். இந்த ஊரில் எனக்கு இன்னும் பழகாதது ஒன்று உண்டு. இங்கே யாரும் ஜன்னல் திரையை மூடுவதில்லை. சாயங்காலம் தெருவில் நடந்தால், வீட்டுக்கு வீடு விளக்கு வெளிச்சத்தில் மனிதர்கள் உட்கார்ந்திருப்பது சட்டம் போட்ட படம் மாதிரி தெரியும். எங்கள் கண்டனூரில் தெரு நீளத்துக்கு ஒரு வீடு இருக்கும், உள்ளே ஆள் இருக்காது, பூட்டுதான் தொங்கும். இங்கே எல்லாம் திறந்து கிடக்கிறது. ஆனாலும் நான் தலையைக் குனிந்துகொண்டுதான் போவேன். அசையாமல் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆகாது. அதன் காரணத்தை இத்தனை வருடம் யாரிடமும் சொன்னதில்லை.

எங்கள் மாடி அறையில் ஈவா என்று ஒரு பெண் வாடகைக்கு இருக்கிறாள். கல்லூரியில் படிக்கிறாள். லீவு விட்டால் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள். மொராக்கோ போனாள், போர்ச்சுகல் போனாள், போன ஆடி மாதம் நம் பக்கம் போனாள். போகும் முன் ஒரு தாளைக் கொடுத்து என் ஊர்ப் பெயரை எழுதச் சொன்னாள். நான் தமிழில் எழுதிக் கொடுத்ததை பஸ்காரர்களிடம் காட்டிக் காட்டியே காரைக்குடி, கானாடுகாத்தான், திருக்கோஷ்டியூர் என்று சுற்றியிருக்கிறாள். கோயிலில் முன்பின் தெரியாத ஒரு அம்மாள் தன் தலைப்பூவில் பாதியைக் கிள்ளி இவளுக்கு வைத்துவிட்டு, அப்பாவுக்கு என்ன சம்பளம், ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று கேட்டாராம். என் மகனிடம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். திரும்பி வந்த அன்று வாசலில் நின்று, "நல்லா இருக்கீகளா அம்மா?" என்றாள். இந்த ஊரில் என் மகனைத் தவிர வேறு ஒரு வாயிலிருந்து எங்கள் பக்கத்துப் பேச்சைக் கேட்டது அன்றுதான்.

மறுநாள் என்னை மாடிக்குக் கூப்பிட்டாள். காரைக்குடியில் ஒரு பழைய சாமான் கடையில் வாங்கிய படத்தைச் சுவரில் மாட்டியிருந்தாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறிப் போய்ப் பார்த்தேன். எங்கள் ஊர் விசாலாட்சி ஆச்சி. அதே கைவைத்த நாற்காலி, அதே கண்டாங்கிச் சேலை. கண் திறந்திருக்கிறது, தலை ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கிறது. ஈவா "மோய், மோய்" என்றாள். அழகு என்று அர்த்தம். பிறகு தன் தலையையும் அப்படியே சாய்த்துக் காட்டி, என்னிடம் ஏதோ கேட்கிறார் பார் என்று சைகை செய்தாள். நான் எனக்குத் தெரிந்த அவர்கள் பாஷையில் "டோட்" என்றேன். செத்தவர் என்று. அவள் "யா, யா" என்று தலையாட்டினாள். அந்தக் காலத்துப் படத்தில் இருப்பவர் இப்போது உயிரோடா இருப்பார் என்று நினைத்திருப்பாள். படம் எடுத்தபோதே அவருக்கு உயிர் இல்லை என்பதை எந்தச் சைகையால் சொல்வது?

எனக்கு அப்போது பதினொரு வயது. என் அம்மா ஆச்சி வீட்டில் அரைப்பதற்கும் துவைப்பதற்கும் இருந்தாள். ஆச்சி காலையில் இறந்தார். ஒரே மகன் பினாங்கில் கடை வைத்திருந்தார். கப்பலேறி வந்து முகம் பார்க்க முடியாது. அந்த நாளில் கடல் தாண்டிப் போனவர்களுக்காக ஒரு வழக்கம் உண்டு. இறந்தவரை நாற்காலியில் உட்காரவைத்துப் படம் எடுத்து, மூடிய கண்ணை ஸ்டுடியோவில் திறந்த கண்ணாக வரைந்து அனுப்புவார்கள். ஆச்சியையும் குளிப்பாட்டி உட்காரவைத்தார்கள். தலை நிற்கவில்லை.

"ஏ பாப்பா, நாற்காலிக்குப் பின்னாடி குனிஞ்சு, ரெண்டு கையாலயும் பிடரியத் தாங்கிக்க. நீ அசைஞ்சா அவுக அசைஞ்ச மாதிரி ஆயிரும்" என்றார் படக்காரர். பெரியவர்கள் கை வெளியே தெரியும் என்றுதான் என்னைக் கூப்பிட்டார்.

"இருக்குற வரைக்கும் போட்டோன்னா ஓடி ஒளிவாக. இப்பப் பாரு, மகாராணியாட்டம் உக்காந்துருக்காக" என்று ஆச்சியின் நாத்தனார் அழுதுகொண்டே சொன்னார். இரண்டு பேர் சிரித்துவிட்டு அழுதார்கள்.

கழுத்து சில்லென்று இருந்தது. சந்தன வாசம். படக்காரர் கறுப்புத் துணிக்குள் போனார், வந்தார், திரும்பப் போனார். என் இடது கை மரத்துத் தளர்ந்துவிட்டது. ஆச்சியின் தலை சாயவும் அவர் படம் எடுக்கவும் சரியாக இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

பினாங்கிலிருந்து கடிதம் வந்தது. முற்றத்தில் கணக்குப்பிள்ளை வாசித்தார். "ஆத்தா தலையைச் சாய்த்து என்னமோ கேட்கிற மாதிரி இருக்கிறதே, கடைசியாக என்ன கேட்டார்கள்?" என்று மகன் எழுதியிருந்தார். கணக்குப்பிள்ளை எல்லார் முகத்தையும் பார்த்தார். பிறகு நாத்தனார் சொன்னார்: "எப்ப வருவேன்னு கேட்டாகன்னு எழுதுங்க." அப்படியே எழுதினார்கள். மறு வருடம் அவர் கடையை விட்டுவிட்டு வந்தே விட்டார். தினம் காலையில் படத்துக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, "வந்துட்டேன் ஆத்தா" என்பார். ஒருநாள் நான் தண்ணீர் கொண்டுபோனபோது என்னைப் பார்த்து, "வந்த பிறகும் கேட்டுக்கிட்டேதான் இருக்காக, பாத்தியா?" என்றார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். அம்மாவின் வேலை போய்விடும் என்று பயந்தேன். கல்யாணமாகிக் கண்டனூரை விட்டுப் போனேன், சொல்லாமலே.

இப்போது ஆச்சி என் தலைக்கு மேலே இருக்கிறார். ஈவா கல்லூரிக்குப் போன பிறகு மாடிப்படிக்குக் கீழே நின்றால், மேலே ஒருவர் உட்கார்ந்திருப்பது என் உடம்புக்குத் தெரிகிறது. பொறுக்க முடியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகனிடம் எல்லாவற்றையும் சொல்லி, அவனை அழைத்துக்கொண்டு ஏறினேன்.

"இதையெல்லாம் எதுக்கும்மா அவகிட்டச் சொல்லிக்கிட்டு? பயந்து ரூமைக் காலி பண்ணிருவா" என்றான்.

"நீ சொல்லுடா" என்றேன்.

சொன்னான். அவள் பயப்படவில்லை. படத்தை இறக்கி மடியில் வைத்து, போன் வெளிச்சத்தில் பார்த்தாள். அந்தக் காலத்தில் ஸ்டுடியோவில் பூசி மறைத்த இடத்தில் பூச்சு உதிர்ந்திருக்கிறது. ஆச்சியின் காதுத் தோட்டுக்குப் பின்னால் இரண்டு விரல் நுனி. அதில் ஒன்று கோணல். கதவிடுக்கில் நசுங்கிய என் சுண்டுவிரல். ஈவா என் கையை எடுத்துப் படத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ரொம்ப நேரம் கையை விடவில்லை. பிறகு அவள் சொன்னதை மகன் எனக்குச் சொன்னான். போன வருடம் அவள் தன் தாய்வழிப் பாட்டியின் சமாதியைத் தேடிச் சைக்கிளில் அவர்கள் கிராமத்துக்குப் போனாளாம். அங்கே சமாதி இல்லை. இந்த நாட்டில் பல ஊர்களில் புதைக்கிற இடம் தவணைக்குத்தானாம். தவணை முடிந்து யாரும் நீட்டிக்கவில்லை என்றால் எடுத்துவிட்டு வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடுவார்களாம். "எவ்வளவோ தேசம் பார்த்தேன், என் வீட்டில் நடந்தது எனக்குத் தெரியவில்லை" என்றாளாம். மார்கழி லீவில் ஆச்சியை அவர் வீட்டிலேயே கொண்டுபோய் விடுகிறேன், நீங்களும் வாருங்கள் என்றாள். என் முழங்காலுக்கு அவ்வளவு தூரம் ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆக, ஆச்சி ஊருக்குப் போகிறார். அவர் பிடரியில் என் இரண்டு விரலும் ஊருக்குப் போகின்றன. என்னில் மற்றதெல்லாம் இந்த ஜன்னலுக்குள் உட்கார்ந்திருக்கும்.

கண்டனூர்க்காரர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு உதவி செய்யுங்கள். ஊருணியிலிருந்து மூன்றாவது வீடு என்று அந்தப் பெண்ணிடம் சொல்லியிருக்கிறேன். நான்காவதாகவும் இருக்கலாம். படம் முன்பு இருந்தது வீட்டின் இரண்டாம் கட்டு முற்றத்துக் கிழக்குச் சுவர் என்றும் சொன்னேன், ஆணி இருக்கிறதா தெரியாது, அங்கிருந்து கடைக்கு எப்படிப் போனது என்றும் தெரியாது. விசேஷத்துக்கு மட்டும்தான் வீட்டைத் திறக்கிறார்கள் என்று கேள்வி. சாவி யாரிடம், படத்தை வாங்கிக்கொள்வார்களா என்று விசாரித்து எழுதுங்கள். பிள்ளை அவ்வளவு தூரம் தூக்கிக்கொண்டு வந்து பூட்டின கதவுக்கு முன்னால் நிற்கக் கூடாது. ஆச்சியின் மகன் இருக்க மாட்டார். அவர் பிள்ளைகள் இருந்தால், ஆச்சி யாரையும் எதுவும் கேட்கவில்லை, என் கைதான் தளர்ந்துவிட்டது என்று சொல்லுங்கள். சொல்வதற்கு முன்னால் வீடு அதுதானா என்று மட்டும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.