கும்பமேளாவுக்கு முன்னால் ஒரு சூரன்போர்

கும்பமேளாவுக்குப் போகிறேன் என்று கோயிலில் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். வீட்டில் மட்டும் அப்போது சொல்லவில்லை.

முதலில் மாலை கட்டுகிற பெண்களிடம் சொன்னேன். பிறகு அன்னதான வரிசையில் எனக்கு முன்னுக்கு நின்றவரிடம், அவர் சரியாகக் கேட்கவில்லையோ என்று பின்னுக்கு நின்றவரிடமும். மாசி மாதம், பிரயாகையில், மூன்று ஆறும் சேருகிற இடத்தில் தலை முழுகப் போகிறேன் என்றேன். அவர்கள் கண்ணை விரித்துப் பார்த்தார்கள். அப்படி என்னைப் பார்த்து வெகு காலம். வீட்டுக்கு நடந்தேதான் வந்தேன், பஸ்ஸில் ஏறி உட்காரவே மனம் வரவில்லை.

எனக்கு எழுத்து மெதுவாகத்தான் வரும். அதனால் அவசரப்படாமல் சொல்கிறேன்.

இந்த மேளா பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு முறை. எனக்கு எழுபத்தெட்டு வயது. அடுத்ததற்கு நான் இருந்தாலும் என் முழங்கால் இருக்காது. மருமகள் போனில் படம் போட்டுக் காட்டியிருந்தாள். விடியப்புறம், ஆற்றுக்கு மேல் பனிப்புகார், கரை முழுக்க நெல்லைக் குவித்த மாதிரிச் சனம். மூன்று ஆற்றில் ஒன்று கண்ணுக்குத் தெரியாதாம். கண்ணுக்குத் தெரியாத ஆற்றிலும் முழுகப் போகிறேன் என்று நினைத்து நினைத்து எனக்கு நித்திரை குறைந்துபோனது.

கிழக்கு லண்டனிலிருந்து ஒரு கூட்டம் போகிறது. கூட்டிப் போகிறவர் பஸ் ஓட்டுகிற ஒரு மனிதர், கோயிலுக்கு வருகிறவர், நல்ல கண்டிப்பு. எழுபது தாண்டியவர்கள் சோடியாகத்தான் வரலாம் என்பது அவருடைய சட்டம். சனத்துக்குள் ஒருவர் காணாமல் போனால் தேட முடியாது, அதனால் ஒருவர் கை மற்றவர் கையில் இருக்க வேண்டும். எனக்குச் சோடி யார் என்று கேட்டார். ஆள் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆள் இல்லை.

மகனுக்கு விஷயம் என் வாயால் போகவில்லை. மரக்கறிக் கடையில் யாரோ அவனைப் பிடித்து, அம்மா கங்கைக்குப் போறாவாமே, குடுத்து வைச்சனீங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கூடக் கழற்றாமல் நின்றான். தனக்கு அந்த நேரம் லீவு இல்லை, தனியாக என்னை அனுப்பவும் மாட்டேன் என்றான். கோயில் முழுக்கச் சொல்லியாகிவிட்டது, இனி நான் எந்த முகத்தோடு மாலை கட்டப் போவது என்று கேட்டேன். அவன் சப்பாத்தைக் கழற்றப் போனான். பதில் மருமகளிடம் இருந்தது.

"என்ரை அம்மாவும் போகத்தான் ஆசைப்படுறா," என்றாள்.

சோற்றைப் பிசைந்த என் கை நின்றது.

மருமகளின் தாய் செவன் கிங்ஸில் தன் மகனோடு இருக்கிறார். முப்பது வருடம் ஜெர்மனியில் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவர். இங்கே பஸ் பிந்தினால் எங்கட ஜெர்மனியிலை இப்பிடி இல்லை என்பார், குப்பை வாளியைப் பார்த்தாலும் அதையே சொல்வார். அதையெல்லாம் நான் பொறுத்திருப்பேன். பிள்ளைகளின் கலியாணத்துக்கு நான் பயத்தம் பணியாரம் சுட்டேன். கடையில் எடுக்கலாம் என்று எல்லோரும் சொல்ல, பயறு வறுத்து, இடித்து, என் கையாலேயே சுட்டேன். சம்பந்தி ஒன்றை எடுத்துக் கடித்தார். "பரவாயில்லை," என்றார்.

அதற்குப் பிறகு ஏழு வருடம். கண்டால் சிரிப்போம். சம்பந்தி முறைக்கு மச்சாள் என்று அவர் என்னைக் கூப்பிட வேண்டும், நானும் அவரைக் கூப்பிட வேண்டும், இருவருமே கூப்பிடவில்லை. ஏதும் சொல்வதென்றால் மருமகளிடம் சொல்லிவிடுவோம், அவள் அங்கும் இங்கும் கொண்டுபோவாள். தங்கச்சியுடன் போனில் கதைக்கும்போது மட்டும் நான் அவரை ஜெர்மன்காரி என்பேன்.

ஆனால் வேறு சோடி எனக்குக் கிடைக்கவில்லை. அவருக்கும் கிடைக்கவில்லை என்று பிறகு அறிந்தேன்.

மகன் ஒரு சோதனை வைத்தான். கந்தசஷ்டி முடிகிற நாள் சூரன்போருக்கு எங்கள் முருகன் கோயிலில் சனம் நெருக்கித் தள்ளும். "ரெண்டு பேரும் அதுக்குள்ளை போங்கோ. முடிய ஒண்டா வாசலுக்கு வந்தியள் எண்டால் டிக்கட் போடுறன். தனித்தனிய வந்தியள் எண்டால், கங்கையைப் போனிலை பாருங்கோ," என்றான்.

அன்று சம்பந்தி சொன்ன நேரத்துக்கு முன்னமே மனோர் பார்க் ஸ்டேஷன் வாசலில் நின்றார். மேளாப் படத்தில் வடநாட்டுப் பெண்கள் சனத்துக்குள் சேலைத் தலைப்பை ஒன்றோடொன்று முடிந்துகொண்டு நடப்பதைப் பார்த்திருந்தேன். அப்படிச் செய்வோம் என்றேன். இங்கே குளிருக்கு மேலே கோட். தலைப்பை வெளியே எடுத்தால் கோட்டுப் பூட்ட முடியாது, கோட்டைப் பூட்டினால் தலைப்பு உள்ளே போய்விடுகிறது. ஸ்டேஷன் வாசலில் இரண்டு கிழவிகள் கோட்டைத் திறப்பதும் மூடுவதுமாக நின்றோம். கடைசியில் அவர் கைப்பையிலிருந்து ஒரு சாமானை எடுத்தார். எங்கள் பேத்தி நடை பழகிய காலத்தில் ரோட்டுக்கு ஓடாமல் கட்டி வைத்த பட்டி அது. சுருள் கயிறு, இரண்டு முனையிலும் மணிக்கட்டில் சுற்றி ஒட்டுகிற பட்டை.

"நான் என்ன நாய்க்குட்டியோ?" என்றேன்.

"நாய்க்குட்டி எண்டால் சொல்வழி கேக்கும்," என்று என் கையைப் பிடித்துக் கட்டினார். கட்டிவிட்டு, "பிள்ளையளுக்குப் போட்ட முடிச்சு இப்ப எங்களுக்கும் விழுந்திட்டுது," என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

கோயிலடியில் சனம் என்றால் சனம். மேளம் நெஞ்சுக்குள் அடித்தது. பெடியங்கள் சூரனைத் தோளில் தூக்கிக்கொண்டு முன்னுக்கும் பின்னுக்கும் ஓட, வேல் பிடித்த முருகன் எதிரே வந்தார். ஆறு நாள் விரதம் பிடித்த உடம்பு, எனக்குக் கால் நிலத்தில் படவில்லை. அரோகரா என்று இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினேன். என் கையோடு சம்பந்தியின் ஒரு கையும் மேலே போனது. அவருடைய கைப்பை யாரோ ஒருவரின் தலையில் பட்டது. அடுத்த முறை அவர் தூக்க, என் மூக்குக்கண்ணாடி சரிந்தது. மூன்றாம் முறை இருவரும் ஒன்றாகத் தூக்கினோம். அதற்குப் பிறகு பிழை வரவில்லை.

யானைத் தலை விழுந்தது, சிங்கத் தலை விழுந்தது. தலை மாற்றுகிற நேரத்தில் மேளம் நிற்கும், பிறகு இன்னும் வேகமாகத் தொடங்கும். சூரனின் சொந்தத் தலை விழுந்தபோது, எனக்கு இருந்த சந்தோஷப் புளுகத்தில், உள்ள பலம் எல்லாம் சேர்த்துக் கையைத் தூக்கினேன். கை இலேசாகப் போனது. திரும்பிப் பார்த்தேன். பட்டை கழன்றுவிட்டது. சனம் ஒரு தள்ளுத் தள்ளியது. சம்பந்தி இல்லை.

எங்கே பார்த்தாலும் கறுப்புக் கோட். குளிருக்குத் தலையில் சால்வை போட்ட கிழவிகள் எல்லோரும் பின்னாலிருந்து பார்க்க ஒரே மாதிரி. என்னிடம் போன் இருந்தது, அதில் அவருடைய நம்பர் இல்லை. வேண்டாமென்று நான்தான் இவ்வளவு காலமும் போடவிடவில்லை. வாசலில் மகன் நிற்கிறான். தனியாகப் போய் நின்றால் ஆறு போனது, மேளா போனது, கோயிலில் நான் சொன்னதெல்லாம் போனது. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது.

வாழ்க்கையில் முதல்முறையாக "மச்சாள்" என்று கூப்பிட்டேன். நாலைந்து பேர் திரும்பினார்கள். ஒருவர் என்னம்மா என்றும் கேட்டார். அந்தக் கூட்டத்தில் யாருக்கு மச்சாள் இல்லை. திரும்பவும் கூப்பிட்டேன், இன்னும் இரண்டு பேர் திரும்பினார்கள், அவர் இல்லை. பிறகு நான் யோசிக்கவில்லை. மரமும் கொடியுமாகச் சூரனை மாற்றுவதற்காக மேளம் நின்றது. அந்த இடைவெளியில் அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

"ஜெர்மன்காரி!"

அவ்வளவு சனத்திலும் ஒரே ஒரு சால்வைத் தலைதான் திரும்பியது.

"இஞ்சை நிக்கிறன். கத்தாதையுங்கோ, சூரனும் திரும்பிப் பாக்கிறான்," என்று சொல்லிக்கொண்டே ஆட்களை விலக்கி வந்தார். வந்து என் கோட்டுக் கையைப் பிடித்தார். எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அந்தப் பெயர் அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"நீங்கள் தங்கச்சியோடை கதைக்கிறதுக்குப் போன் தேவையில்லை. சும்மா கதைச்சாலே கேக்கும். ஏழு வருசமாத் தெரியும்," என்றார்.

"அப்ப எனக்கு நீங்கள் என்ன பேர் வைச்சிருக்கிறியள்?"

"அது இப்ப இல்லை. அங்கை துலைஞ்சால் கூப்பிடுறன்."

முருகன் சூரனைச் சேவலும் மயிலுமாக ஆக்கி முடித்தார். நாங்கள் வாசலுக்கு வந்தோம். பட்டி சம்பந்தியின் கையில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது, மகனின் கண் அதில்தான் போனது. கழண்டிட்டுதோ என்றான். சம்பந்தி அவனை நேரே பார்த்தார்.

"ஓம் தம்பி, கழண்டது. பிறகு பிடிச்சிட்டம். கயிறு கழருமெண்டு இஞ்சையே தெரிஞ்சது நல்லதெல்லோ."

எப்படிப் பிடித்தீர்கள் என்று கேட்டான். கூப்பிட்டேன் என்றேன் நான். வந்தேன் என்றார் அவர். அவன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். சம்பந்தியின் கை இன்னும் என் கோட்டுக் கையை விடவில்லை, குளிருது தம்பி, காரை எடுங்கோ என்று என்னையும் சேர்த்து இழுத்தார். டிக்கட் போடுறன் என்று அவன் சொன்னது காருக்குள் வைத்துத்தான்.

இப்போது அவரே நேரே எனக்குப் போன் எடுக்கிறார், ஒரு நாளைக்கு இரண்டு தடவை, சில நாள் மூன்று. கம்பளிச் சொக்ஸ் வாங்கியாகிவிட்டதா, நனைந்த சேலையைப் போடப் பிளாஸ்டிக் பை இருக்கிறதா என்று கேட்பார். நான் மச்சாள் என்கிறேன், அவரும் மச்சாள் என்கிறார். கட்டுவதற்குப் பட்டி வேண்டாமென்று, நல்ல அகலமான பருத்திச் சால்வை ஒன்று எடுத்து வைத்திருக்கிறோம். என் பெட்டி கட்டிப் படியடியில் நிற்கிறது. போகிற வருகிற நேரமெல்லாம் அதைத் தொட்டுப் பார்க்கிறேன்.

வழிக்குப் பயத்தம் பணியாரம் சுடச் சொல்லி அவர்தான் கேட்டார். சுட்டேன். நேற்று வந்து ஒன்றைத் தின்றார், இன்னொன்றைத் தின்றார், மூன்றாவதையும் எடுத்தார். எப்படி என்று கேட்டேன். பரவாயில்லை என்று சொல்லிவிட்டு, மிச்சம் முழுவதையும் தன் பையில் வைத்துக்கொண்டார்.

எனக்கு வைத்த பெயரை அவர் இன்னும் சொல்லவில்லை. எத்தனையோ விதமாகக் கேட்டுப் பார்த்துவிட்டேன், அது கங்கைக்கு என்கிறார். மகன் தினமும் சொல்கிறான், அம்மா, கையை விட்டுவிடாதையுங்கோ என்று. ஓம் ஓம் என்கிறேன். ஆனால் முழுகி எழும்பின பிறகு, அந்தச் சனத்துக்குள் ஒரு நிமிடம் மட்டும் துலைந்து பார்க்கலாமா என்று இருக்கிறது.