முதலாம் பிரிவும் நாலு தேசிக்காயும்

நோர்வேயின் ஐஸ் ஹாக்கியில் உச்ச லீக்குக்கு அடுத்த படியில் இருந்ததன் பெயர் முதலாம் பிரிவு. இரண்டாவதாக இருப்பதை முதலாவது என்று சொல்லும் துணிச்சல் எல்லோருக்கும் வராது. இரண்டாயிரங்களின் நடுவில், ஒஸ்லோவின் கிழக்கே அந்த லீக்கில் ஆடிய ஒரு கழகத்தில் ஐஸ் மெசின் ஓட்டினேன். கீறல் விழுந்த பனித்தரையைச் சீவி, வெந்நீர் விட்டு மழமழப்பாக்கும் வண்டி அது.

அந்த லீக்கின் வரலாற்றைச் சொல்வது சுலபம். இலையுதிர் காலத்தில் ஒரு கழகம் புதுப் பெயரும் புதுச் சட்டையுமாகப் பிறக்கும். வசந்தத்தில் கடனில் மூழ்கும். அடுத்த வருடம் அதே ஆட்கள் வேறு சட்டையில் வருவார்கள். எங்கள் ஊர்ச் சங்கங்கள் உடைந்து உடைந்தே வளர்ந்ததைப் பார்த்தவனுக்கு இதில் ஒரு புதினமும் இல்லை. ஆட்டக்காரர்கள் சம்பளத்துக்கு ஆடுபவர்கள்தான். ஆனால் கோல் காப்பவர் பகலில் பஸ் ஓட்டினார். கனடாவிலிருந்து இறக்கிய ஒருவருக்கு மட்டும் வீடும் கொடுத்தார்கள். அவர் பெரும்பாலும், முரட்டாட்டம் ஆடியவரை வெளியே உட்கார வைக்கும் தண்டனைப் பெட்டியில்தான் குடியிருந்தார்.

என் வேலை தற்காலிகம். கழகம் கீழ்ப்பிரிவுக்கு இறங்காவிட்டால் நிரந்தரமாக்குவதாக மனேஜர் சொல்லியிருந்தார். எல்லிங்ஸ்ருட்டில் நாங்கள் பார்த்து வைத்த வீட்டுக்குக் கடன் தர, வங்கிக்காரன் நிரந்தர வேலை கேட்டான். ஆக, எங்கள் கூரை அந்தப் பஸ் சாரதியின் கையுறைக்குள் இருந்தது.

இறங்குவதா இருப்பதா என்று தீர்மானிக்கும் கடைசி ஆட்டத்துக்கு முதல்நாள், யாரோ கழித்த ஒரு மெசினைக் கழகம் புதிது என்று கொண்டுவந்து நிறுத்தியது. அதை வீட்டில் சொன்னேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

“புது வாகனத்தைச் சும்மாவே எடுக்கிறது? சில்லுக்குத் தேசிக்காய் வையுங்கோ,” என்றாள் மனைவி.

“அது றோட்டிலை ஓடுறது இல்லையப்பா.”

“சில்லு இருக்கோ இல்லையோ?”

சில்லு இருந்தது. மறுநாள், முதல் இடைவேளைக்குச் சற்று முன், தேசிக்காய்களை வெட்டி, குங்குமம் அப்பி, நாலு சில்லுக்கும் கீழே வைத்து ஏற்றி நசித்தேன். ஆணி பதித்த சில்லுகளைக் கழுவ வேண்டும் என்று தோன்றவேயில்லை. கதவு திறந்ததும் பக்தியோடு அப்படியே பனித்தரைக்குள் இறங்கினேன்.

தரையெங்கும் சிவப்புத் தடம். யாருக்குக் காயம் என்று நடுவர் விசாரித்தார். கனடாக்காரர், கேட்காமலே, தான் ஒருவரையும் அடிக்கவில்லை என்றார். நான் மனேஜரிடம் உண்மையைச் சொன்னேன். ராசிக்காக வாரக்கணக்கில் தாடி வழிக்காத, நாறும் காலுறையை மாற்றாத கூட்டத்தின் தலைவர், மூடநம்பிக்கை என்றால் என்னவென்று எனக்கு விளக்கினார். சீவிச் சீவிச் சிவப்பை எடுத்தேன். வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

ஒரு கோலால் வென்றோம். மனேஜர் என்னை நிரந்தரமாக்கினார். அடுத்த பருவத்தில் ஒவ்வொரு உள்ளூர் ஆட்டத்துக்கும் முன், அந்தச் சிவப்பு வைத்தாயிற்றா என்று இரகசியமாகக் கேட்டார். தேசிக்காய் வெட்டும் பொறுப்பை மனைவி எடுத்துக்கொண்டாள். சில்லு கழுவும் பொறுப்பு எனக்கு. எல்லிங்ஸ்ருட் வீட்டில் குடிபுகுந்தோம்.

வசந்தத்தில், லீக்கின் மரபு வழுவாமல், கழகம் கடனில் மூழ்கியது. மெசினை மேற்குக் கரையில், ஸ்தவாங்கர்ப் பக்கத்துக் கழகம் ஒன்று வாங்கியது. அதை லொறியில் ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

வேலை போனதையும் மெசினை விற்றதையும் சொன்னேன். வீடு என்னாகும் என்று மனைவி கேட்பாள் என்றிருந்தேன். அவள் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து, அடுத்த ஆட்டத்துக்கென்று வாங்கி வைத்திருந்த தேசிக்காய்களைப் பார்த்தாள்.

“அங்கை அதுக்கு ஆர் வைப்பினம்?” என்றாள்.

அதுவரை வராத அழுகை எனக்கு அப்போது வந்தது.